முகமூடியில் 18,000 அடி... மூச்சில் எத்தனை?

கயிலாயத்துக்குக் கிரிவலப் பாதையில் ஒத்திகை பார்க்கும் பக்தர்கள். கடைக்கு வந்துவிட்ட ‘உயரக் கருவிகள்’

அதிகாலை நான்கரை மணி. பௌர்ணமி இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் ஐந்தாறு பேராகக் கிரிவலக்காரர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். வெறுங்கால்களின் சரசரப்பு, யாரோ செல்போனில் ஓடவிட்ட சிவபுராணம், ஆசிரம மதில் மேல் ஒரு மயிலின் அகவல். இவற்றோடு ஒட்டாமல் இன்னொரு சத்தம்: கொல்லன் துருத்திபோல ‘புஸ்ஸ்... கொர்ர்... புஸ்ஸ்’.

சத்தத்துக்குச் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். போளூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். மூக்கையும் வாயையும் மூடியபடி ஒரு கறுப்பு ரப்பர் முகமூடி, அதில் வட்ட வட்டமாக மூடிகள். சுக்குக் காபிக் கடையில் நின்று அதைக் கழற்றினார். மூக்கின் மேல் சிவப்பாகத் தடம். வியர்வையில் கரைந்த விபூதி ரப்பர் விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

“இன்னா சாமி இது, மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்டாப்போல?” என்றார் கடைக்கார அம்மா.

“கயிலாயத்துக்குப் போறேம்மா. அங்க டோல்மா லான்னு ஒரு எடம், 18,500 அடி. இதுல 18,000 அடி வச்சிக்கினு நாலு மாசமா சுத்தறேன்.” மூடியைத் திருப்பிக் காட்டினார். எண் பொறித்திருந்தது. “மிச்சம் ஐந்நூறு அடி அண்ணாமலையார் பாத்துப்பார்.”

அம்மா டம்ளரை நீட்டியபடியே கேட்டார்: “காத்தக் கம்மி பண்றதுக்கா காசு குடுத்து வாங்கினீங்க?”

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஆறு வாரம் ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

திறந்தது வழி, கிளம்பியது கூட்டம்

2020-ல் நின்றுபோன கயிலாய மானசரோவர் யாத்திரை, ஐந்து பருவங்கள் வீணான பிறகு 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியது. வெளியுறவு அமைச்சகம் வழியாக அந்த ஆண்டு போக முடிந்தவர்கள் 750 பேர்: உத்தராகண்டின் லிபுலேக் வழியாக ஐம்பது ஐம்பது பேராக ஐந்து குழு, சிக்கிமின் நாதுலா வழியாகப் பத்துக் குழு. பெயர் குலுக்கலில் விழ வேண்டும், வயது 18-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டக் கூடாது, டெல்லியில் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். இத்தனை வாசலைத் தாண்ட முடியாதவர்கள், தாண்டப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகப் போகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதை புதிதல்ல. மானசரோவர் செல்லும் 250 பேருக்குத் தலா 40,000 ரூபாயும் முக்திநாத் செல்லும் 250 பேருக்குத் தலா 10,000 ரூபாயும் உதவித்தொகை தருவதாக மாநில அரசு 2012-லேயே அறிவித்தது. அதிலும் திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கயிலாயம் என்பது பக்கத்து ஊர் மாதிரி. மலையே லிங்கம் என்று சுற்றிவருகிறவர்களுக்கு, அங்கேயும் மலையைச் சுற்றுவதுதானே வேலை? இங்கே 14 கிலோமீட்டர், அங்கே 52. இங்கே அஷ்ட லிங்கம், அங்கே டோல்மா லா. “நூத்தியெட்டு கிரிவலம் முடிச்சவனுக்கு அது என்ன சார்” என்று கேட்பவர்களை இந்தப் பாதையில் தினமும் பார்க்கலாம்.

கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் கசக்கும்.

———
பெட்டிச் செய்தி: காற்றின் கணக்கு

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் சுமார் 20.9 சதவீதம்தான். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம்; அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. மெரினா கடற்கரையில் ஒரு மூச்சுக்கு 100 பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால்...

அண்ணாமலை உச்சி (2,668 அடி): சுமார் 91
ஊட்டி (2,240 மீட்டர்): சுமார் 77
அமர்நாத் குகை (3,880 மீட்டர்): சுமார் 62
மானசரோவர் (4,590 மீட்டர்): சுமார் 57
டோல்மா லா (5,630 மீட்டர்): சுமார் 50
———

இடுக்குப் பிள்ளையாரும் முகமூடியும்

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடுக்குப் பிள்ளையார் கோயிலை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. ஒருக்களித்துப் படுத்து, தோளை வளைத்து, இடுப்பை நெளித்து அந்தச் சந்து வழியாக வெளியே வர வேண்டும். உடம்பு திணறும், மூச்சு முட்டும். ஆனால் வெளியே வந்து இழுக்கும் காற்று, உள்ளே போகும்முன் இழுத்த அதே காற்று.

இந்த முகமூடி மூச்சுக்கு ஓர் இடுக்குப் பிள்ளையார். அதன் மூடிகளில் இருக்கும் துளைகளைச் சிறிதாக்கினால் காற்று நுழையும் வழி குறுகுகிறது. நெஞ்சுத் தசைகள் பலத்தைக் கூட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு உள்ளே போகும் காற்றிலும் ஆக்ஸிஜன் அதே 20.9 சதவீதம், அழுத்தமும் செங்கம் சாலையின் அழுத்தம். விட்ட மூச்சில் கொஞ்சம் முகமூடிக்குள்ளேயே தங்கித் திரும்பவும் உள்ளே போவதால் கரியமில வாயு சற்றுக் கூடும். மலைமேல் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே காற்று தடையில்லாமல் வரும், ஆனால் அதில் சரக்கு இருக்காது. உடம்பு வேகவேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே தள்ளும்.

விஸ்கான்சின்-லாக்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் போர்காரியும் சக ஆய்வாளர்களும் 24 பேரை இரண்டாகப் பிரித்து ஆறு வாரம் கடுமையான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேர் முகமூடியோடு, மீதிப் பேர் இல்லாமல். 2016-ல் வெளியான முடிவு: உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இரண்டு தரப்புக்கும் ஏறியது; இருவருக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உயரத்தில் வாழ்ந்தால் கூட வேண்டிய ஹீமோகுளோபின் முகமூடிக்காரர்களுக்குக் கூடவில்லை. இது மூச்சுத் தசைக்கான பயிற்சிக் கருவி, உயரத்தைப் போலி செய்யும் கருவி அல்ல என்று எழுதி முடித்தார்கள்.

கேள்விப்பட்டதை எழுதினால் போதாது என்று, இந்தக் கட்டுரைக்காக ஒரு முகமூடி வாங்கினோம். ஆன்லைனில் ஆயிரம் சொச்சம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. 18,000 அடியில் வைத்துக்கொண்டு ஆதி அண்ணாமலை வரை நடந்தேன். விரலில், கொரோனா காலத்தில் வாங்கி மேசை அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆக்ஸிமீட்டர். கிளம்பும்போது 97 காட்டியது. நெஞ்சு அடைத்து, காது இரைந்து, ‘இத்துடன் போதும்’ என்று உட்கார்ந்த இடத்தில் 95. ஒரே ஆளின் விரல் கணக்கு ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் டோல்மா லாவில் நல்ல உடம்புக்காரருக்கே அந்த எண் 80-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் நிற்கும். நான் பட்ட அவஸ்தையெல்லாம் ரப்பரோடு போட்ட சண்டை மட்டுமே.

ஆசிரியர் சொன்ன கணக்கில் மிச்சம் ஐந்நூறு அடி. முகமூடி கழித்துக் கொடுத்தது ஓர் அடிகூட இல்லை.

நிஜக் கருவி: கான்சன்ட்ரேட்டரைத் திருப்பிப் போட்டால்...

அப்படியானால் தரையில் இருந்தபடியே உயரத்தை உண்டாக்கும் கருவியே இல்லையா? இருக்கிறது. அதன் சூத்திரம் நமக்கு 2021-ல் வீட்டுக்குள்ளேயே வந்துபோனதுதான்.

கொரோனா இரண்டாம் அலையில் ஊர் ஊராகத் தேடி அலைந்தோமே, ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்... அது வெளிக்காற்றை இழுத்து, சியோலைட் என்ற சல்லடைக் கல் வழியாக அனுப்பும். கல் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் உள்ள காற்று நோயாளிக்குப் போகும். நைட்ரஜன் மிகுந்த கழிவுக் காற்று வெளியே போகும். உயரக் கருவி செய்வது இதன் தலைகீழ் வேலை. ஆக்ஸிஜனை விலக்கிவிட்டு, அந்தக் ‘கழிவை’ அளந்து மனிதருக்குக் கொடுக்கிறது. 15 சதவீதத்துக்குக் குறைத்தால் ஊட்டியைவிடச் சற்று மேலே. 11 சதவீதத்துக்குக் குறைத்தால் மானசரோவரையும் தாண்டி. குழாயை முகக்கவசத்தில் மாட்டி டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ பயிற்சி செய்யலாம்; படுக்கையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி அதற்குள் செலுத்தினால் தூங்கலாம்.

(பழைய கான்சன்ட்ரேட்டரின் பின்பக்கக் குழாயைப் பிடுங்கி வீட்டில் முயன்றுபார்க்கலாமா என்று கேட்கும் வாசகருக்கு: கூடவே கூடாது. ஆக்ஸிஜன் குறையும்போது மூச்சு முட்டுவது போலவே தெரியாது. சுகமாக மயங்கி விழுவீர்கள்.)

விளையாட்டு உலகம் இந்தக் கூடாரத்துக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்ஸிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் அதே உயரம்தான். அங்கே நெடுந்தூர ஓட்டக்காரர்கள் திணறியதைப் பார்த்தபின் உயரப் பயிற்சி ஒரு தனிக் கலையானது. 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 39 ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிவந்து பயிற்சி செய்தவர்கள்தான் 5,000 மீட்டர் ஓட்டத்தில் வேகம் கூட்டினார்கள். உயரத்தில் உறங்கு, தாழ்வில் ஓடு. மலை பக்கத்தில் இல்லாதவர்களுக்காகப் பிறந்ததுதான் கூடாரம். அது ஊக்கமருந்துக்குச் சமமா என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே விவாதித்து, 2006-ல் தடை வேண்டாம் என்று விட்டுவிட்டது.

யாத்திரைக்காரருக்கு இது உதவுமா? வாரக்கணக்கில், ஒவ்வோர் இரவும் ஏழெட்டு மணி நேரம் அதற்குள் தூங்கினால் ஓரளவு பலன் தெரிகிறது என்கின்றன சில ஆய்வுகள். தினம் ஒரு மணி நேரம் குழாயில் மூச்சு இழுத்துவிட்டு வருவதால் பெரிய லாபம் தெரியவில்லை. கருவியின் விலையோ லட்சங்களில். பயிற்சியை நிறுத்திவிட்டுக் கிளம்பத் தாமதமானால் சேர்த்த பலனும் கரைந்துவிடும். இதெல்லாம் போக, மே மாதத் திருவண்ணாமலையில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஒரு மாதம் தூங்குவதற்குக் கயிலாயத்துக்குப் போவதைவிடப் பெரிய வைராக்கியம் வேண்டும்.

சோதனை தேறினால் மலை தேறுமா?

பயிற்சியை விட்டுவிட்டுச் சோதனைக்கு வருவோம். இந்தக் கருவிகள் உண்மையில் கெட்டியாகப் பயன்பட்டிருப்பது இந்த இடத்தில்தான்.

பிரான்ஸின் ழான்-போல் ரிஷாலே என்ற உடலியல் மருத்துவர் பல ஆண்டுகளாக நடத்திவந்த சோதனை இது. மலையேறப் போகிறவரைச் சைக்கிளில் உட்காரவைக்கிறார்கள். முதலில் சாதாரணக் காற்று. பிறகு, ஆக்ஸிஜன் 11.5 சதவீதம் மட்டுமே உள்ள காற்று. அதாவது 4,800 மீட்டர் உயரம். சும்மா உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம், மெதுவாக மிதித்தபடி கொஞ்ச நேரம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு சரிகிறது, அதைப் பார்த்து உடம்பு மூச்சின் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று அளக்கிறார்கள்.

இரண்டாவது அளவுதான் விஷயமே. கழுத்தில் ரத்தக் குழாய் பிரியும் இடத்தில் அரிசி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் ‘வேகமாக மூச்சுவிடு’ என்று மூளைக்கு மணியடிப்பது அதன் வேலை. சிலருக்கு அந்த மணி ஓங்கி அடிக்கும், சிலருக்கு மந்தம். மந்தமான ஆள் தரையில் மாரத்தான் ஓடுகிறவராக இருக்கலாம், தினம் கிரிவலம் போகிறவராக இருக்கலாம். 4,000 மீட்டருக்கு மேல் கிளம்பிய 1,300-க்கும் மேற்பட்டவர்களை இப்படிச் சோதித்து, போய்வந்தபின் விசாரித்து ரிஷாலே குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கடுமையான உயர நோய் வந்திருந்தது. மணி மந்தமானவர்கள், முன்பே ஒருமுறை அவதிப்பட்டவர்கள், அவசரமாக ஏறியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

எல்லோருக்கும் இந்தச் சோதனை அவசியம் என்று உலக நிபுணர்கள் ஒரே குரலில் சொல்லவில்லை. ‘முன்பு போனபோது என்ன ஆனது’ என்ற கேள்விக்கான பதிலே பாதி சோதனை என்கிறார்கள் பலர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்தியாவில் இதைவிடப் பெரிய ஏற்பாடு ராணுவத்தில் உண்டு. பெங்களூரில் விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திலும், டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் டிபாஸ் ஆய்வகத்திலும் காற்றழுத்தத்தையே குறைக்கும் அறைகள் இருக்கின்றன. விமானிகளை உள்ளே உட்காரவைத்து ‘உயரத்துக்கு’ ஏற்றி, எழுதவும் கணக்குப் போடவும் சொல்வார்கள். கையெழுத்து கோணலாகிக் கிறுக்கலாகும். எழுதுகிறவருக்கோ எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆக்ஸிஜன் குறைந்த மூளை முதலில் இழப்பது, தனக்கு ஏதோ ஆகிறது என்ற அறிவைத்தான். யாத்திரைக்காரர்கள் இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

இனி, நமக்கு நடக்கும் சோதனை. அரசு வழியில் போகிறவருக்கு டெல்லியில் ரத்தப் பரிசோதனை, நுரையீரல் பரிசோதனை, டிரெட்மில் எல்லாம் உண்டு. தனியார் வழியில் போகிறவர் உள்ளூரில் ஒரு டி.எம்.டி. (டிரெட்மில் பரிசோதனை) எடுத்து, டாக்டர் கையெழுத்தோடு கிளம்புகிறார். இதயத்தில் அடைப்பு இருந்தால் இவை காட்டிக்கொடுக்கும். எடுத்தே ஆக வேண்டும். வெள்ளியங்கிரியில் 2024-ல் அடுத்தடுத்துப் பக்தர்கள் உயிரிழந்தபோது, உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது இதனால்தான். ஆனால் டெல்லி இருப்பது கடல் மட்டத்திலிருந்து இருநூறு சொச்சம் மீட்டரில். அங்கே ஓடும் டிரெட்மில்லுக்கு முழு ஆக்ஸிஜன் கிடைக்கிறது. டி.எம்.டி. தேறியவர் தரையில் தேறியவர், அவ்வளவே. அதை உணர்ந்துதான் அரசு யாத்திரையில் மலைமேலும் மறுபடி ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். லிபுலேக் வழியில் சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் குஞ்சியில். அங்கே தேறாதவர் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பி அனுப்பப்படுவார்.

ஓர் இரவில் மூன்று இரவு

குஞ்சியின் உண்மையான மதிப்பு அந்தப் பரிசோதனையில்கூட இல்லை, அங்கே காத்திருப்பதில் இருக்கிறது.

உயரத்துக்குப் போன சில மணி நேரத்தில் சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்ற சுரப்பைக் கூட்டத் தொடங்கிவிடும். ஆக்ஸிஜன் குறைவதைச் செல்கள் எப்படி மோப்பம் பிடிக்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால் சுரப்பு கூடி, ரத்தச் சிவப்பணு பெருக வாரங்கள் ஆகும். யாத்திரைக்காரரைக் காப்பாற்றுவது அதற்கு முன்னால் நடக்கும் வேலை: மூச்சு ஆழமாவது, ரத்தத்தின் காரத்தைச் சிறுநீரகம் சரிக்கட்டுவது. இதற்கு நாட்கள் வேண்டும். உடம்பு கேட்கும் இந்த அவகாசத்தைப் பணத்தாலோ தசைபலத்தாலோ குறைக்க முடியாது. இருபத்தைந்து வயது ஜிம் இளைஞருக்கு வரும் உயர நோய், அறுபது வயதுப் பாட்டிக்கு வராமலும் போகலாம்.

இந்திய ராணுவம் இதை ரத்தம் கொடுத்துக் கற்றது. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்ட வீரர்கள் குண்டுபடாமலே சுருண்டார்கள். உயர நோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-ல் எழுதிய கட்டுரை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இன்று ராணுவத்தின் விதி: 9,000 அடியைத் தாண்டியதும் ஆறு நாள், 12,000-ல் நாலு நாள், 15,000-ல் மேலும் நாலு நாள். அந்த முதல் ஆறில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. இருபது வயதில், கல்லையும் கரைக்கும் உடம்போடு இருக்கும் சிப்பாய்க்கு இது.

இப்போது தனியார் யாத்திரையின் அட்டவணையை எடுங்கள். காத்மாண்டு 1,400 மீட்டர். அங்கிருந்து திபெத் எல்லை தாண்டிக் கேரூங், சுமார் 2,800. அடுத்த நாள் வண்டியில் ஏறினால் மாலைக்குள் சாகா, சுமார் 4,500. மலை மருத்துவ நெறிமுறை சொல்வது, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒருநாள் தங்கு. கேரூங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே பகலில் 1,700 மீட்டர். மூன்று இரவில் ஏற வேண்டியதை மூடுந்தின் சாய்வு இருக்கையில் உட்கார்ந்து ஓர் இரவில் ஏறிவிடுகிறோம். நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா என்று போகும் வழி இன்னும் மோசம். காலையில் சமவெளி இட்லி, ஓரிரு நாளில் 3,600 மீட்டர். 2018 ஜூலையில் மழையும் மூடுபனியும் விமானங்களை நிறுத்திவிட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் அந்த வழியில் சிக்கித் தவித்தது நினைவிருக்கலாம். ஏறுவதற்குக் குறுக்குவழியாக இருந்தது, இறங்க வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது.

நேபாளத்தில் கோசாயிகுண்டம் என்று ஒரு புனித ஏரி. ஆலகாலம் உண்ட சிவன் தொண்டை எரிச்சல் தீரத் திரிசூலத்தால் குத்தி வரவழைத்த நீர் என்பது ஐதிகம். நம் ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று அங்கே பெருங்கூட்டம் கூடும். 4,300 மீட்டர் உயரம். கீழே இருந்து ஓரிரு நாளில் ஏறிவிடுவார்கள். மருத்துவர் புத்த பஸ்ன்யாத் குழு அங்கே யாத்திரிகர்களைச் சோதித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 68 பேருக்கு உயர நோய்.

———
பெட்டிச் செய்தி: தலைவலியா? ஏறாதே!

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தூக்கமின்மை, தலைசுற்றல்: உயர நோயின் தொடக்கம். மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், இருமல், நுரையோடு சளி: நுரையீரலில் நீர் கோக்கிறது.

குடித்தவர்போலத் தள்ளாட்டம், உளறல், குழப்பம்: மூளை வீங்குகிறது. நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பின்னிரண்டும் உயிருக்கு ஆபத்து. ஆக்ஸிஜன் கொடுத்தபடி உடனே கீழே இறக்க வேண்டும். இறக்க வழியில்லாதபோது ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் காமோ பை நேரம் வாங்கித் தரும்.

டையமாக்ஸ் மாத்திரை முன்கூட்டியே போட்டால் உதவும். ஆனால் டாக்டர் சொன்ன அளவில், சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்த பிறகு.
———

அப்பரையே திருப்பி அனுப்பிய மலை

போய்வந்த சிலரிடம் பேசினேன். எல்லோர் கதையிலும் ஒரு பொது இடம் வந்தது. தலை பிளக்கும்போல வலித்தது, சொல்லவில்லை. “சொன்னா கூட்டிக்கினு போவமாட்டாங்க சார். ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டியாச்சி. திரும்ப வருவனா, மாட்டனா?” என்றார் கீழ்நாத்தூர்க்காரப் பெண்மணி ஒருவர். பக்கத்தில் இருந்த கணவர், “சிவன் காலடில உசுரு போனா பாக்கியம்னு சொல்லிட்டா” என்றார், சிரித்தபடிதான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கருவி விற்பவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான் வருகிறது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஏமாந்தால் போகட்டும். முகத்தில் 18,000 அடியை மாட்டி நாலு மாதம் சுற்றியவர், 4,500 மீட்டரில் தலை வலிக்கும்போது ‘நான் பழகியவன், இது ஒன்றும் இல்லை’ என்றுதான் நினைப்பார். முகமூடி விற்பது அந்தப் பொய்த் தைரியத்தைத்தான்.

இறங்கினால் பக்தி குறைந்துவிடும் என்பவர்களுக்குத் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் கதையை நினைவுபடுத்தலாம். கயிலையைக் கண்டே தீருவேன் என்று கிளம்பியவர். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு போனார் என்கிறது பெரியபுராணம். இறைவன் வந்து சொன்னது ‘திரும்பு’ என்றுதான். பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழவைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தான். காவிரிக் கரை, கடல் மட்டத்திலிருந்து அப்படியொன்றும் உயரமில்லை.

கிரிவலம் வீணா?

இல்லவே இல்லை. 14 கிலோமீட்டர் நடந்து பழகிய கால், கயிலாயத்தின் மூன்று நாள் சுற்றில் குழியிலும் கல்லிலும் தடுமாறாது. இதயம் பலப்படும், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், குதிகால் உரம் ஏறும். ஆசிரமத்துக்குப் பின்னால் ஸ்கந்தாசிரமம் போகும் கல்பாதையில் தினம் ஏறி இறங்கினால் முழங்காலுக்கு இறக்கம் பழகும். இன்னும் கொஞ்சம் கடினம் வேண்டுமென்றால், கடப்பாரைப் படியும் சங்கிலியுமாக 4,560 அடி பர்வதமலை பக்கத்திலேயே நிற்கிறது. தீபத்தன்று அண்ணாமலை உச்சிக்கு நெய் சுமந்து ஏறும் பர்வதராஜ குலத்தாரின் கெண்டைக்காலைப் பார்த்தவர்களுக்கு, எந்த ஜிம்மும் அதைத் தராது என்று தெரியும். பழக வேண்டியதை இந்த ஊர் பழக்கிக்கொடுக்கும். உயரத்தை மட்டும் இந்த ஊரால் கொடுக்க முடியாது. அதை மேலே போய்த்தான், காத்திருந்துதான் வாங்க வேண்டும்.

ஆசிரியரிடம் அவருடைய பயண அட்டவணையைக் கேட்டேன். பைக்குள் இருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். காத்மாண்டு இரண்டு இரவு, கேரூங் ஒன்று, சாகா ஒன்று, மானசரோவர் ஒன்று. சுக்குக் காபிக் கடை வெளிச்சத்தில் ஒவ்வோர் ஊருக்கும் நேரே உயரத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்தார். பேரனுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத் தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு கேட்டார்: “கேரூங்ல இன்னும் ரெண்டு நாள் தங்கினா எவ்வளவு கேப்பாங்க?”

கயிலாயத்துக்குப் பணம் கட்டப் போகும் வாசகர்களே, முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஏஜென்டிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். சாகாவுக்கு முன்னால் எத்தனை இரவு தங்கவைப்பீர்கள்? கூட வரும் வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டரும் காமோ பையும் உண்டா? எனக்கு முடியவில்லை என்றால் என்னைக் கீழே இறக்க யார் வருவார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.